ஜனவரியில் டொரொன்டோ வருகிறோம்: முதல் வாரம் குறித்து உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் ஆறு வயது மகளும் நிரந்தர வசிப்புரிமை பெற்று, வரும் ஜனவரியில் திருச்சியிலிருந்து டொரொன்டோவுக்குக் குடிபெயர்கிறோம். சின் எனப்படும் சமூகக் காப்பீட்டு எண்ணைச் சர்வீஸ் கனடா அலுவலகத்தில் கட்டணமின்றிப் பெறலாம் என்பதையும், 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பதையும் அறிவோம். எங்களுக்குத் தெளிவு வேண்டியவை வேறு.

முதலாவது, வீடு. டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் மட்டுமே முன்பணமாகக் கேட்கலாம் என்றிருக்க, நாங்கள் பேசிய ஒரு வீட்டு உரிமையாளர், எங்களுக்கு அங்கே கடன் வரலாறு (கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்திய பதிவு) இல்லை என்பதைக் காட்டி ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்கிறார். வேலை கிடைக்கும் முன்பே டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வீடு பிடித்தவர்கள், வங்கி இருப்புச் சான்றைத் தவிர வேறு எதைக் காட்டி நம்பிக்கை பெற்றீர்கள்?

அடுத்தது, நகை. சுங்கத்தில் காட்டுவதற்காக, உடன் கொண்டுவருபவற்றுக்கும் பின்னால் வரவிருப்பவற்றுக்கும் தனித்தனிப் பட்டியல் எழுதி, ஒவ்வொரு நகையையும் வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்திருக்கிறோம். தாலிக்கொடி எப்போதும் கழுத்தில் இருப்பது; அதையும் பட்டியலில் சேர்த்தீர்களா? நகை மதிப்பீட்டாளரின் சான்றை அதிகாரிகள் கேட்டார்களா?

குளிருடைகளை இங்கேயே வாங்குவதா, அங்கே வந்து வாங்குவதா என்பதையும் சொல்லுங்கள். விமான நிலையத்திலிருந்து வீடு சேரும்வரை மகளுக்கு என்ன உடுத்துவது என்பதுதான் மனைவியின் முதல் கவலை. என் மாமியாருக்கோ, இரண்டு கிலோ மிளகாய்த்தூளுக்குப் பெட்டியில் இடம் இருக்குமா என்பது.