குளிரூட்டும் 72 மணி நேரத்தில் தாய்ப்பால் தரலாமா?

கேள்வி: பிறக்கும்போது மூச்சுத்திணறிய 3 கிலோ குழந்தை, மூளையைக் காக்க உடலைக் குளிரூட்டும் சிகிச்சையில் 33.5 டிகிரியில் இருக்கிறது. 72 மணி நேரமும் வெறும் டிரிப்ஸ்தானா?

பதில் 1: ரத்த அழுத்தம் நிலையாகவும் வயிறு மெத்தென்றும் இருந்தால் தொடங்கலாம். கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.லி., அதாவது 2 மணிக்கொரு தரம் இரண்டரை மி.லி. பீய்ச்சிய தாய்ப்பால், டியூபில். மீதித் திரவம் டிரிப்ஸில். ரத்தச் சர்க்கரையை விடாமல் பாருங்க.

பதில் 2: மூச்சுத்திணறலில் ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திரும்பி, குடலுக்கு ரத்தம் குறைந்துபோகும். குடல் அழுகல் பயம் அதனால்தான். ஆனாலும் பிரிட்டன் தரவுகளில், குளிரூட்டும்போது பால் தந்ததால் அது கூடவில்லை. பச்சை வாந்தி, வயிறு உப்பல், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே நிறுத்தணும். ரத்த அழுத்த மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போனாலும் பொறுங்க.

கேட்டவர்: சீம்பால் 1 மி.லி.தான் வருது.

பதில் 1: முதல் நாள் அவ்வளவுதான் வரும். சொட்டுச் சொட்டாக சிரிஞ்சில் பிடிங்க, பாட்டிலில் ஒட்டியே வீணாகும். அம்மா 3 மணிக்கொரு தரம் பீய்ச்சணும், ராத்திரியும்தான்.