தாமதக் கடிதத்தில் ‘ரிக்ரெட்’ போதுமா, ‘அப்பாலஜைஸ்’ வேண்டுமா?

கேள்வி:
திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். சாயப்பட்டறையில் ஷேடு (நிறச்சாயல்) ஒத்துவராமல் துணிக்கு மறுபடியும் சாயமேற்ற நேர்ந்ததால், இங்கிலாந்து பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவருக்குரிய சரக்கு பத்து நாள் தாமதமாகவே தூத்துக்குடியில் கப்பலேறும். அவருக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘வி ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு’ என்று முடித்தால் போதும் என்கிறார் மேலாளர். ‘ஸாரி’ என்று எழுதுவதே இயல்பு என்கிறார் உடன் பணிபுரிபவர். மரியாதை குறையாமலும், தேவைக்கு மேல் பணியாமலும் எழுத எந்தச் சொல் பொருந்தும்?

மறுமொழி 1:
உங்கள் மேலாளர் சொல்லும் வாக்கியம் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு நம் காதில் பதிந்துவிட்ட ஒன்று. ‘ரிக்ரெட்’ என்பது நடந்ததற்கு வருந்துவதை மட்டும் தெரிவிக்கிறது. தவறு தம்முடையது என்று ஏற்பதில்லை. அரசுகள் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தே பயன்படுத்துகின்றன. ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நூற்றாண்டையொட்டி 2019 ஏப்ரலில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பேசிய அப்போதைய பிரதமர் தெரசா மே, ஆழ்ந்த ‘ரிக்ரெட்’ தெரிவித்தாரே தவிர முறையாக மன்னிப்புக் கேட்கவில்லை. அதுவே கண்டனத்துக்கும் உள்ளானது. 1914இல் இந்தியர்கள் குடியேற வந்த கோமகட்டா மாரு கப்பலைத் திருப்பியனுப்பியதற்காக 2016 மே மாதம் கனடா நாடாளுமன்றத்தில் பேசிய அந்நாட்டின் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவோ ‘அப்பாலஜி’ என்ற சொல்லையே கையாண்டார். தாமதம் உங்கள் தரப்பில் நேர்ந்திருக்கும்போது ‘ரிக்ரெட்’ என்று மட்டும் எழுதினால், பையருக்கு அது நழுவலாகத்தான் படும். ‘வி அப்பாலஜைஸ் ஃபார் தி டிலே’ என்பதே தகும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் மேலாளரின் தயக்கத்துக்கும் காரணம் இருக்கும்: மன்னிப்புக் கேட்டால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகி, பையர் தள்ளுபடி கேட்பாரோ என்ற அச்சம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்டது ஒன்றே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று கூறுகிறது. ஆனால் உங்கள் பையர் கவனக்குறைவு வழக்குத் தொடுக்கப் போவதில்லை. தள்ளுபடி கேட்டால் ஆர்டரில் எழுதியுள்ள நிபந்தனைப்படிதான் கேட்பார்.

சொல்லைவிட வாக்கிய அமைப்பே அதிகம் கெடுக்கும் என்பது என் கருத்து. ‘காஸ்டு’ (ஏற்பட்ட) என்று முடித்தால் யாரால் நேர்ந்தது என்பது மறைந்துவிடுகிறது. ‘வி ஆர் ஸாரி இஃப் திஸ் ஹேஸ் காஸ்டு எனி இன்கன்வீனியன்ஸ்’ என்பது அதைவிட மோசம். ‘இஃப்’ போட்டவுடன் அவருக்குச் சிரமம் ஏற்பட்டதா என்பதையே ஐயுறுவதாகிறது. கடைக்கு வர வேண்டிய சரக்கு வரவில்லை என்றால் சிரமம் இல்லாமலா இருக்கும்? ‘வி அப்பாலஜைஸ் ஃபார் ஷிப்பிங் யுவர் ஆர்டர் டென் டேஸ் லேட்’ என்று என்ன நடந்தது என்பதைச் சொல்லி, அடுத்த வரியிலேயே காரணத்தையும் கப்பலேறும் நாளையும் எழுதுங்கள். மன்னிப்பு ஒரு முறை போதும். ‘எக்ஸ்ட்ரீம்லி ஸாரி சார்’ என்று மூன்று இடத்தில் எழுதினால் படிப்பவருக்குச் சங்கடமே மிஞ்சும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மின்னஞ்சல் அனுப்பிய பிறகு அவர் தொலைபேசியில் அழைப்பார். அப்போதும் ‘அப்பாலஜைஸ்’ என்றே சொல்ல வேண்டுமா?

மறுமொழி 3:
பேச்சில் அது சற்று விறைப்பாக ஒலிக்கும். ‘ஐ ஆம் ரியலி ஸாரி அபவுட் தி டிலே’ என்றால் போதும், மரியாதை குறையாது. அவர் சொன்னது காதில் விழாவிட்டால் குரலை உயர்த்தி ‘ஸாரி?’ என்றோ ‘பார்டன்?’ என்றோ கேளுங்கள். ‘ஐ பெக் யுவர் பார்டன்’ என்பதைக் குரலைத் தாழ்த்தி அழுத்திச் சொன்னால், ‘என்ன சொன்னீர்கள்?’ என்று கோபப்படுவதாகப் பொருள்பட்டுவிடும். இன்னொன்று: இப்போது செய்கிற தொந்தரவுக்கு ‘ஸாரி டு டிஸ்டர்ப் யூ’, நேற்றே செய்துவிட்டதற்கு ‘ஸாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ யெஸ்டர்டே’. பேச்சின் நடுவே ஷேடு அட்டையை எடுக்க எழுந்தால் ‘எக்ஸ்கியூஸ் மீ ஃபார் எ மொமென்ட்’ என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். அங்கே ‘ஸாரி’ தேவையில்லை.