மாரினர் 8 விழுந்த பின் மாரினர் 9-இன் பாதையை ஏன் மாற்றினார்கள்?

கேள்வி:
செவ்வாயைச் சுற்றிவர 1971-இல் நாசா உருவாக்கிய இரட்டைக் கலன்களுள் மாரினர் 8 ஏவும்போதே அழிந்தது. ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கட்டும் என்பதற்காகத்தானே இரண்டைக் கட்டினார்கள்? அப்படியானால், எஞ்சிய கலனின் பாதையை மாற்ற வேண்டிய தேவை ஏன் எழுந்தது? மாரினர் 8-க்கு உண்மையில் என்ன நேர்ந்தது?

மறுமொழி 1:
உலகப் பொது நேரப்படி மே 9 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள கேப் கென்னடியிலிருந்து அட்லஸ்-சென்டார் ராக்கெட் புறப்பட்டது. அதன் கீழ்க்கட்டமான அட்லஸ் தன் வேலையைக் குறையின்றி முடித்தது. அதன்பின் எரியத் தொடங்கிய மேல்கட்டமான சென்டார் மேலும் கீழுமாக ஆடி, அந்த ஆட்டம் பெருகிப் பெருகிக் கலனோடு சேர்ந்து புரளலாயிற்று. புரளும் தொட்டியிலிருந்து எரிபொருள் சீராக வந்து சேராததால், ஏவிய 365-ஆம் நொடியில் எந்திரம் நின்றுவிட, எல்லாம் போர்ட்டோ ரிக்கோவுக்கு வடக்கே அட்லாண்டிக்கில் விழுந்தன. அந்த ஆட்டத்தை அடக்க வேண்டிய கட்டுப்பாட்டுச் சுற்றில் ஏற்பட்ட பழுதே காரணம். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள கலனில் எந்தக் குறையும் இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

மறுமொழி 2:
கலன்கள் ஒரே வார்ப்பு, பணிகளோ வெவ்வேறு. மாரினர் 8 செவ்வாயின் நடுக்கோட்டுக்கு 80 பாகை சாய்ந்த பாதையில், துருவங்களை ஒட்டிச் சென்று, மேற்பரப்பில் சுமார் 70 சதவீதத்தை வரைபடமாக்க வேண்டும். மாரினர் 9 சுமார் 50 பாகைச் சாய்வில் சுற்றி, அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து, வளிமண்டலத்திலும் நிலத்திலும் ஏற்படும் மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று போனதும், இரண்டு பணிகளையும் இயன்றவரை காப்பாற்ற 65 பாகையைத் தேர்ந்தார்கள். மாரினர் 9 புறப்பட்டது மே 30 அன்று; அதாவது, பழுதைக் கண்டறிவதற்கும் திட்டத்தைத் திருத்துவதற்கும் கிடைத்தவை மூன்றே வாரங்கள்.

மறுமொழி 3:
அந்த ஏவுகாலம் சோவியத் தரப்பையும் விட்டுவைக்கவில்லை. மாரினர் 8 விழுந்த மறுநாள் ஏவப்பட்ட சோவியத் செவ்வாய்க் கலனான காஸ்மோஸ் 419-இன் மேல்கட்டம் மீண்டும் எரியாததால், அது புவியைச் சுற்றும் பாதையைத் தாண்டவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 65 பாகையில் சுற்றியும் துருவங்களைப் பார்க்க முடிந்ததா?

மறுமொழி 2 எழுதியவர்:
முடிந்தது, கேமராக்களைத் திருப்பக்கூடிய மேடையில் பொருத்தியிருந்தார்கள். நவம்பர் 14 அன்று மாரினர் 9 சென்று சேர்ந்தபோது கோள் முழுவதையும் புழுதிப்புயல் மூடியிருந்ததால், வரைபடப் பணியைத் தள்ளிவைத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் தென்துருவப் பனித்தொப்பி தெரிந்தது. புழுதி அடங்கிய பின் அது எடுத்தவற்றையும் சேர்த்து மொத்தம் 7,329 படங்கள் வந்தன; மாரினர் 8-க்கு ஒதுக்கியிருந்த 70 சதவீதத்தையும் அவை தாண்டிவிட்டன.