ஓவர்ஹீற்றுக்குத் தமிழ் என்ன? (திங்கட்கிழமை வகுப்பு, அவசரம்)

கொட்டாஞ்சேனையிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். பழைய டீசல் வானின் எஞ்சின் ஓவர்ஹீற் ஆனால் பிழையை எப்படித் தேடுவது என்று தமிழ்மொழிமூல வகுப்புக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதியிருக்கிறேன். தண்ணீரை ஆற்றும் ரேடியேற்றர், சூட்டைப் பார்த்துத் தண்ணீரை விடும் தேர்மோஸ்ராற் எல்லாம் அந்தப் பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் பஞ்சிகாவத்தையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சாமான் வாங்க வேண்டும். தலைப்புக்கு மட்டும் ஒரு சொல் தேவை. 'மிகைவெப்பம்' என்று போட்டேன். வாசித்த பையன் ஒருவன், "மிஸ், வானுக்கு டெங்குவா?" என்றான்.

வெள்ளவத்தையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, பையன் கேட்டது சரி. வெப்பம் என்பது வெறும் பெயர். எஞ்சினுக்கு என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. இங்கே தொழிற்பெயர் வேண்டும். என் தெரிவு 'மீவெதும்பல்'. வெம்மை, வெயில், வெதுவெதுப்பு, வேனில் எல்லாம் ஒரே அடி. வெள்ளையும் இந்தக் குடும்பம்தான் என்பது என் நெடுநாள் ஐயம். உலையில் இரும்பு முதலில் சிவக்கிறது, பிறகு மஞ்சளாகிறது, கடைசியில் வெளுக்கிறது அல்லவா? இதைப் பற்றித் தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.

வத்தளையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, தனி மடல் பிறகு வரட்டும். வாழையிலையை அனலில் வாட்டினால் வெதும்பும். எஞ்சினுக்கு அது போதாது. பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்று பலகை வேறு போட்டுவிட்டோம். பாண் வாங்குகிற இடத்தில் வானையும் கொண்டுபோய் விடப்போகிறார்கள். 'ஓவர்ஹீற்' என்றே எழுதினால் என்ன? வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே இடம் கொடுத்தவர். தமிழ்தான் வேண்டுமென்றால் 'சூடுமீறல்'.

தெமட்டகொடையிலிருந்து, கராஜ் வைத்திருப்பவர்:

நான் இலக்கணம் படித்தவன் இல்லை. ஆனால் கராஜில் இதற்கு ஒரு சொல் இல்லை, மூன்று இருக்கிறது. ஹீற் மீற்றர் முள் மேலே போனால் 'ஹீற் காட்டுது'. தண்ணீர் வெளியே தள்ளினால் 'கொதிச்சிட்டுது'. அதற்குப் பிறகும் ஓட்டினால் 'கஸ்கற் போச்சு', அதாவது சிலிண்டரையும் தண்ணீரையும் பிரித்து வைக்கிற தகடு பழுது. மூன்றுக்கும் செலவு வேறு வேறு.

போன கிழமை ஒரு பாடசாலை வான் வந்தது, பழைய டொல்பின். காலி வீதி நெரிசலில் ஹீற் காட்டுகிறது, வெறும் ரோட்டில் இறங்கிவிடுகிறது என்றார் டிரைவர். அப்படியென்றால் முதலில் ஃபானைப் பார்க்க வேண்டும். ஓடும்போது காற்று தானாக வரும். நிற்கும்போது ஃபான்தான் இழுக்க வேண்டும். மாறாக, கடுகண்ணாவை மலையேற்றத்தில் மட்டும் முள் ஏறினால் ரேடியேற்றர் அடைத்திருக்கலாம். எஞ்சின் கொதிக்க, ரேடியேற்றரின் அடிப்பக்கம் தண்ணென்று கிடந்தால் தண்ணீர் சுற்றவில்லை என்று அர்த்தம். இந்த வானில், எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வந்துகொண்டிருந்தது, சோடாப் போத்தல் மாதிரி. சிலிண்டர்க் காற்று தண்ணீருக்குள் வருகிறது. ஃபானில் தொடங்கியது கஸ்கற்றில் முடிந்துவிட்டது. முள் ஏறிய அன்றைக்கே நிறுத்தியிருந்தால் ஃபானோடு போயிருக்கும்.

இன்னொன்று. 'இந்த ஊர் வெக்கைக்கு இது எதற்கு' என்று தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிகிற பாஸ்மாரை, அதாவது மெக்கானிக்மாரைப் பற்றியும் குறிப்பில் எழுதுங்கள், மிஸ். அது வைத்தியம் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து:

தம்பி, அருமை! 'கொதி' என்றே வைத்துவிடலாம் போலிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கோபத்துக்கும் கொதி என்போம். 'பாஸ்' ஆங்கிலம் இல்லை, ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மொறட்டுவையிலிருந்து, பொறியியலாளர்:

கொதி சரிவராது, ஐயா. ரேடியேற்றர் மூடி 0.9 பார் அழுத்தம் பிடித்தால், வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 110இல் எஞ்சின் அளவுமீறிச் சுட்டுவிடும், தண்ணீரோ கொதித்திராது. அதனால்தான் சூட்டோடு மூடியைத் திறக்கக்கூடாது: அழுத்தம் போன கணமே எல்லாம் கொதித்து முகத்தில் அடிக்கும். கொதிப்பைத் தலைப்பாக வைத்தால், கொதிக்காதவரை பயமில்லை என்று பையன் நினைப்பான். என் வாக்கு சூடுமீறலுக்கு, அரை மனதோடு.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நன்றி. போட்டோக்கொப்பிக் கடை மூடப்போகிறது. தலைப்பில் 'சூடுமீறல்'. முதல் பக்கத்தில் கராஜ் அண்ணாவின் மூன்று சொற்களையும் அவர் சொன்ன ஒழுங்கிலேயே போட்டுவிட்டேன். 'மிகைவெப்பம்' போய்விட்டது.

வெள்ளவத்தையிலிருந்து:

அச்சடித்துவிட்டீர்கள், சரி. ஆனால் மீறல் என்றால் மீறுவதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். அந்த வான் எந்தச் சட்டத்தை மீறியது? மீறியவர் டிரைவர் அல்லவா? வெள்ளை பற்றிய மடல் நாளை வரும்.