கூம்புத் தொட்டி, சுழற்சிக் கன அளவு, ஒரு எல்லைக் கணக்கு: மூன்று சந்தேகங்கள்

பிளஸ் டூ மாணவன்:
வணக்கம். நுண்கணிதப் பயன்பாட்டுக் கணக்குகளில் மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். முதலாவது, கூர்முனை கீழே இருக்கும் கூம்பு வடிவத் தொட்டி. உயரம் 6 மீட்டர், மேல்வாயின் ஆரம் 2 மீட்டர், நிமிடத்துக்கு 2 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. ஆழம் 3 மீட்டராக இருக்கும்போது நீர்மட்டம் எவ்வளவு வேகமாக ஏறும்? அப்போது நீர்ப்பரப்பின் ஆரம் 1 மீட்டர், அதைச் சூத்திரத்தில் போட்டு வகையிட்டால் 6/பை வருகிறது, விடைப்பகுதியில் 2/பை என்று இருக்கிறது. சரியாக மூன்று மடங்கு வருவதுதான் குழப்புகிறது. இரண்டாவது, ஒய் = எக்ஸ், ஒய் = எக்ஸ்² இரண்டுக்கும் நடுவில் உள்ள பரப்பை எக்ஸ் அச்சைப் பற்றிச் சுழற்ற வேண்டும். பரப்பு காண மேலே உள்ளதிலிருந்து கீழே உள்ளதைக் கழிக்கிறோம், ஆனால் கன அளவுக்கு அந்த வித்தியாசத்தை வர்க்கப்படுத்தக் கூடாது என்கிறார்கள், ஏன்? மூன்றாவது, எக்ஸ் முடிவிலியை நோக்கிப் போகும்போது (எக்ஸ் + சைன் எக்ஸ்)/எக்ஸ். லோபிதாலின் விதியைப் போட்டால் 1 + காஸ் எக்ஸ் வந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. எல்லை இல்லை என்று எழுதிவிடலாமா?

கணித ஆசிரியர், ஓய்வு:
தம்பி, முதல் கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆரம் 1 என்பது அந்த ஒரு கணத்தில்தான் உண்மை. வகையிடும் முன்பே அதைப் போட்டால் ஆரம் மாறிலியாகிவிடும், ஆனால் தண்ணீர் ஏற ஏற ஆரமும் விரிகிறது அல்லவா. வடிவொத்த முக்கோணங்களால் ஆரம் எப்போதும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆழத்தை உ என்று வைத்தால் கன அளவு = (1/3) × பை × (உ/3)² × உ = பை உ³/27. நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் (பை உ²/9) × மட்டம் ஏறும் வீதம் = 2. இப்போதுதான் உ = 3 என்று பிரதியிட வேண்டும். பை × வீதம் = 2, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 64 சென்டிமீட்டர்.

மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது என்பது நல்ல கேள்வி. உ³ஐ வகையிடும்போது 3 முன்னால் வந்து கூம்பின் 1/3உடன் அடிபட்டுப் போகிறது. ஆரத்தை முன்பே எண்ணாக்கினால் மிஞ்சுவது வெறும் உ, அதனால் அந்த 1/3 அப்படியே தங்கிவிடுகிறது.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன், எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும், கூம்போ கோளமோ எதுவாக இருந்தாலும் சரி. ஒரு சிறு நேரத்தில் புதிதாக வந்து சேருவது மேலே ஒரு மெல்லிய நீர்ப்படலம், அதன் கன அளவு நீர்ப்பரப்பு × தடிமன். எனவே மட்டம் ஏறும் வீதம் என்பது விழும் தண்ணீரின் வீதத்தை நீர்ப்பரப்பின் பரப்பளவால் வகுத்தது, அவ்வளவுதான். ஆரம் 1 என்றால் பரப்பு பை, விடை 2/பை. தொட்டி நிரம்பும் தறுவாயில் ஆரம் 2, பரப்பு 4 பை, வேகம் நான்கில் ஒன்றாகக் குறைந்து நிமிடத்துக்குச் சுமார் 16 சென்டிமீட்டர்தான்.

பொறியியல் மாணவி:
சார் சொன்ன நீர்ப்படலம்தான் இரண்டாவது கணக்குக்கும் பதில். ஒரு எக்ஸில் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய பட்டையைச் சுழற்றினால் நடுவில் துளை உள்ள ஒரு வாஷர் கிடைக்கும், ஏனென்றால் அந்தப் பட்டை அச்சைத் தொடவில்லை. வாஷரின் பரப்பு வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்தைக் கழித்தது, பை(எக்ஸ்² − எக்ஸ்⁴). 0 முதல் 1 வரை தொகையிட்டால் பை(1/3 − 1/5) = 2 பை/15. வித்தியாசத்தை வர்க்கப்படுத்தினால் பட்டையை முதலில் அச்சுவரை கீழே இழுத்துவிட்டு அப்புறம் சுழற்றியது போல ஆகிவிடும், அது வேறு ஒரு திடப்பொருள், அதன் கன அளவு பை/30. நான்கில் ஒரு பங்குதான் வருகிறது, பாருங்கள்.

மூன்றாவதுக்கு, இல்லை என்று எழுதக் கூடாது. வகைக்கெழுக்களின் விகிதத்துக்கு எல்லை இருந்தால் மூல விகிதத்துக்கும் அதுவே எல்லை, விதி சொல்வது அவ்வளவே. அது இல்லாதபோது விதி எதையும் சொல்வதில்லை. எக்ஸால் நேரடியாக வகுங்கள்: 1 + (சைன் எக்ஸ்)/எக்ஸ். சைன் −1க்கும் 1க்கும் நடுவில் அடைபட்டிருக்கிறது, கீழே எக்ஸ் வளர்ந்துகொண்டே போகிறது, எல்லை 1.

பிளஸ் டூ மாணவன்:
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. அதே பரப்பை ஒய் = 1 என்ற கோட்டைப் பற்றிச் சுழற்றச் சொன்னால் எது வெளி ஆரம்? மேலே இருக்கும் ஒய் = எக்ஸ் தானே?

பொறியியல் மாணவி:
இல்லை, இப்போது தலைகீழ். ஆரத்தைச் சுழலும் கோட்டிலிருந்து அளக்க வேண்டும், 1இலிருந்து தூரத்தில் இருப்பது எக்ஸ்². எனவே வெளி ஆரம் 1 − எக்ஸ்², உள் ஆரம் 1 − எக்ஸ். வர்க்கங்களைக் கழித்தால் 2எக்ஸ் − 3எக்ஸ்² + எக்ஸ்⁴, தொகையிட்டால் 1 − 1 + 1/5, விடை பை/5.

கணித ஆசிரியர், ஓய்வு:
சரியான விடை. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த பாப்பஸின் தேற்றம் தெரிந்தால் இதை இன்னொரு வழியிலும் பார்க்கலாம், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் சரிபார்க்க அருமையான கருவி. ஒரு பரப்பைத் தன்னை வெட்டாத கோட்டைப் பற்றிச் சுழற்றினால், கன அளவு = பரப்பளவு × அதன் ஈர்ப்பு மையம் கடக்கும் தூரம். உங்கள் பரப்பளவு 1/6. எக்ஸ் அச்சைப் பற்றி 2 பை/15 வந்தது, அதிலிருந்து மையம் 2/5 உயரத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. ஒய் = 1இலிருந்து அது 3/5 தூரம். 2 பை × 3/5 × 1/6 = பை/5. ஒய் அச்சைப் பற்றிச் சுழற்றினால் என்ன வரும் என்று இதே வழியில் போட்டுப் பாருங்கள் தம்பி. எக்ஸ் − எக்ஸ்² என்பது 1/2க்கு இருபுறமும் சமச்சீர், அதனால் மையத்தைத் தேடத் தொகையிடவே தேவையில்லை.

பிளஸ் டூ மாணவன்:
2 பை × 1/2 × 1/6 = பை/6. வாஷர் முறையிலும் போட்டேன், 0 முதல் 1 வரை பை(ஒய் − ஒய்²), அதுவும் பை/6.