கோப்புகளை வெட்டி ஒட்டி இடம் மாற்றுவதை நம்பலாமா?

கேள்வி

வணக்கம். என் மேசைக் கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட குடும்பப் புகைப்படங்களையும் காணொளிகளையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கு மாற்ற விரும்புகிறேன். கோப்புறையைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் அதன் படம் மங்கலாகிறதே தவிர, அங்கேயேதான் இருக்கிறது. ஒட்டுவதற்கு முன் மின்சாரம் போய்விட்டால் அவை அழிந்துவிடுமா? மேலும், டி டிரைவுக்குள் இடம் மாற்றும்போது ஒரு நொடியில் போய்விடும் பெரிய காணொளி, வெளி டிஸ்க்குக்குப் போக மட்டும் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்வது ஏன்?

பதில் 1

ஒட்டும் வரை எதுவும் அழியாது. கட்டுரை ஒன்றில் ஒரு பத்தியை வெட்டினால் அது அந்த இடத்தை விட்டு உடனே போய்விடும். கோப்புகளில் அப்படி நடப்பதில்லை. வெட்டியதையும் காப்பி செய்ததையும் ஒட்டும் வரை தற்காலிகமாக வைத்திருக்கும் கிளிப்போர்டுக்குப் போவது கோப்பு அன்று. அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியும், அதை நகர்த்த வேண்டும் என்ற குறிப்பும் மட்டுமே. ஒட்டுவதற்கு முன் நீங்கள் வேறு எதையாவது காப்பி செய்தாலும், கணினியே அணைந்துபோனாலும் அந்தக் குறிப்புதான் போகுமே தவிர, கோப்பு பழைய இடத்திலேயே இருக்கும்.

வேக வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. ஒரே பார்ட்டிஷனுக்குள், அதாவது டிஸ்க்கில் தனி டிரைவாகப் பிரித்த ஒரே பகுதிக்குள், நகர்த்தும்போது காணொளியின் தரவு அசைவதே இல்லை. அது எந்தக் கோப்புறைக்கு உரியது என்ற பதிவை மட்டும் விண்டோஸ் திருத்துகிறது. அதனால் 20 ஜிபி கோப்பும் நொடியில் போகிறது. வேறு டிரைவுக்கு நகர்த்தும்போதோ, தரவு முழுவதையும் அங்கே எழுதி முடித்து, அதன் பிறகே மூலக் கோப்பை நீக்க வேண்டியிருக்கிறது. கட் என்று நாம் சொன்னாலும் அங்கே நடப்பது காப்பியும் டெலிட்டும்தான். ஒரே டிஸ்க்காக இருந்தாலும், சி, டி என்று இரண்டு பார்ட்டிஷன்களாகப் பிரித்திருந்தால் அவற்றுக்கிடையிலும் இதே நிலைதான்.

பதில் 2

முந்தைய பதிலுடன் முழுவதும் உடன்படுகிறேன். ஆனாலும் திரும்பக் கிடைக்காத புகைப்படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்ற நான் ஒருபோதும் கட் செய்யச் சொல்லமாட்டேன். பாதியில் கேபிள் அசைந்து இணைப்பு விட்டுப்போனால், சில கோப்புகள் இங்கும் சில அங்குமாகக் கிடக்கலாம். எழுதி முடிந்துவிட்டதாகத் திரை காட்டும்போதும் கடைசிப் பகுதி இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். அந்த நேரத்தில் டிஸ்க்கைப் பிடுங்கினால், நகல் குறைபட்டிருக்கும், மூலமும் போயிருக்கும். இப்படி நீக்கப்படும் மூலக் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை.

ஆகவே முதலில் கண்ட்ரோல் சி கொடுத்து ஒட்டுங்கள். இரண்டு கோப்புறைகளிலும் வலது கிளிக் செய்து, பண்புகள் சாளரத்தில் கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றி, மீண்டும் இணைத்து, நீளமான காணொளிகள் சிலவற்றை இறுதிவரை ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு மூலத்தை நீக்கலாம். டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருந்தால் 4 ஜிபி அளவைத் தொடும் கோப்பை அது ஏற்காது என்பதையும் முன்கூட்டியே கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சுட்டியால் இழுத்துப் போடும்போது சில நேரம் நகர்கிறது, சில நேரம் நகல் உருவாகிறது. இதற்கும் அதே காரணம்தானா?

பதில் 1

ஆம். ஒரே டிரைவுக்குள் இழுத்தால் நகரும், வேறு டிரைவுக்கு இழுத்தால் நகலாகும் என்பதே விண்டோஸின் இயல்பு. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் எங்கும் நகரும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் எங்கும் நகலாகும். தவறான கோப்புறையில் விழுந்துவிட்டால் உடனே கண்ட்ரோல் இசட் அழுத்துங்கள், பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பதில் 3

மேக் பயன்படுத்துவோருக்காக ஒன்று சேர்க்கிறேன். மேக்கில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரில் கோப்புகளை முதலில் வெட்டுவது கிடையாது. கமாண்ட் சி அழுத்திவிட்டு, சேர வேண்டிய இடத்தில் ஆப்ஷன், கமாண்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கோப்பு நகர்ந்துவிடும். நகர்த்துவதா, நகலெடுப்பதா என்பதை ஒட்டும்போதே முடிவு செய்யும் இந்த முறை எனக்கு மிகவும் தெளிவாகப் படுகிறது. வேறு டிஸ்க்குக்கு என்றால் அங்கும் நகலெடுத்து நீக்கும் வேலைதான் நடக்கிறது. எனவே பதில் 2 சொன்ன சரிபார்ப்பு மேக்குக்கும் அப்படியே பொருந்தும்.