அம்மாயி வீட்டுக் குழுவில் கார்த்தியின் கிளட்ச்

*திங்கள் இரவு*

சுதா: ஞாயிறு காலை 6 மணிக்கு எல்லோரும் கொல்லிமலைக்குக் கீழே காரவள்ளி அடிவாரத்தில் இருக்க வேண்டும். பாப்பாவுக்கு மொட்டை முடித்து 9 மணிக்கு மேல் காதுகுத்து. தாமதம் வேண்டாம் 🙏

பெரியம்மா: சரிம்மா

பிரபு: ஓகே

கார்த்தி: அக்கா, ஒரு சிக்கல். என் வண்டி முதல் கியரில் எடுக்கும்போது கடகடவென்று உதறுகிறது. சீட்டு, ஸ்டீயரிங் எல்லாம் ஆடுகிறது. நகர்ந்துவிட்டால் ஒன்றும் இல்லை.

அம்மா: ஐயோ. சீர்த்தட்டு முழுக்க உன் வண்டியில்தானே வருகிறது

சின்ன மாமா: கிளட்ச் பிளேட் போச்சு. மாற்றிவிடு.

பெரியம்மா: சுதா, தட்டு 11 ஆ 21 ஆ?

பெரிய மாமா: பிளேட் மாற்று என்று சொல்வது சுலபம். தேய்ந்த பிளேட் வழுக்கும், உதறாது. கார்த்தி, நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்திப் பார். இன்ஜின் மட்டும் கத்தி வேகம் ஏறாவிட்டால் வழுக்கல். வேகம் ஏறினால் பிளேட்டில் இன்னும் கனம் இருக்கிறது, உதறலுக்குக் காரணம் வேறு. அதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் உதறும்.

கார்த்தி: இழுவை நன்றாகத்தான் இருக்கிறது மாமா

பெரிய மாமா: சரி. இன்னும் மூன்று கேள்வி. காலையில் குளிர்ந்த வண்டியில் அதிகமா, சூடான பிறகு அதிகமா? ரிவர்ஸிலும் உதறுகிறதா? பெடலை அழுத்தும்போது கரகரவென்று சத்தம் உண்டா?

சின்ன மாமா: அண்ணன் ஆரம்பித்துவிட்டார் 😂

கார்த்தி: காலையில் குறைவு. அவிநாசி ரோட்டில் சிக்னல் சிக்னலாக நின்று போனால் அதிகம். ரிவர்ஸிலும் உண்டு. சத்தம் இல்லை.

பிரபு: ரிலீஸ் பேரிங்?

பெரிய மாமா: பேரிங் போனால் பெடல் அழுத்தியதும் சத்தம் வரும் பிரபு. இவனுக்குச் சத்தம் இல்லை. மழைக்காலத்தில் வண்டி இரண்டு நாள் நின்றால் பிளேட் அழுந்திப் பிடிக்கும் இரும்புச் சக்கரம், அதாவது ஃப்ளைவீல் மேல் லேசாகத் துரு படியும், அப்போது காலையில் முதல் நாலு தடவை உதறிவிட்டு நின்றுவிடும். அதுவும் இவனுக்கு இல்லை. சூட்டில் கூடுகிறது என்றால் மூன்றில் ஒன்று: பிளேட்டில் எண்ணெய், ஃப்ளைவீலில் சூட்டுத் திட்டு, இல்லை இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங். செலவு குறைந்தது மவுண்டிங். அதை முதலில் பார்.

பெரியம்மா: மவுண்டிங் இருக்கட்டும். குழந்தை முதலில் யார் மடியில் உட்காரும்? பிரபுதானே மூத்தவன்

அம்மா: அக்கா, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்

பெரியம்மா: நேரில் பேசித்தான் போன முறை சுதா கல்யாணத்தில் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்

பிரபு: அம்மா விடுங்க

கார்த்தி: மவுண்டிங் எப்படிப் பார்ப்பது மாமா?

பெரிய மாமா: சமதளத்தில் நிறுத்து. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழு. பானெட்டைத் திற. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நின்று ஒருவர் பார்க்க வேண்டும். முதல் கியர் போட்டு, வண்டி நகரப் பார்க்கும் அளவுக்கு மட்டும் கிளட்ச்சை மெல்ல விடு. உடனே திரும்ப அழுத்து. பிறகு ரிவர்ஸில் அதே போல. இன்ஜின் லேசாகச் சாயலாம். குதித்தால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கும். பிடித்து வைத்துக்கொண்டே இருக்காதே, பிளேட் கருகிவிடும்.

சின்ன மாமா: பக்கவாட்டில் நிற்க அம்மாவைக் கூப்பிடாதே. அழுதுவிடுவார்.

அம்மா: நான் ஏன் அழுகிறேன்

*செவ்வாய் மாலை*

கார்த்தி: பார்த்தாயிற்று. இன்ஜின் தூக்கிப் போடுகிறது. கியர் பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கில் ரப்பர் விட்டுப்போய்விட்டது. நாளை மாற்றுகிறார்கள்.

பெரிய மாமா: நல்லது. மாற்றியதும் ஓட்டிப் பார்த்துச் சொல்.

சுதா: சிக்கல் தீர்ந்ததுபோல. அப்படியானால் வேன் வேண்டாமா?

சின்ன மாமா: வேனுக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன். முன்பணம் கொடுக்கவில்லை. சொன்னால் கொடுக்கிறேன்.

பெரியம்மா: எங்களுக்கு வேனில் போனால் வாந்தி வரும்

சின்ன மாமா: அப்பச்சியின் அம்பாசடர் இருந்திருந்தால் எல்லோரும் ஒன்றாகப் போயிருக்கலாம். யாரையும் கேட்காமல் விற்றாயிற்று.

பெரிய மாமா: அதன் அடித்தளம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. உனக்குக் காட்டித்தான் விற்றேன்.

சின்ன மாமா: காட்டியது விற்ற பிறகு

அம்மா: இரண்டு பேரும் சாப்பிட்டுப் படுங்க

*புதன் இரவு*

கார்த்தி: மவுண்டிங் புதுசு போட்டாயிற்று. பாதி குறைந்திருக்கிறது. ஆனால் டிராஃபிக்கில் அரை மணி ஓட்டியதும் மறுபடி உதறல். ரிவர்ஸில் ஏற்றத்தில் எடுத்தால் நன்றாகவே தெரிகிறது.

பெரிய மாமா: அப்படியானால் கியர் பாக்ஸ் இறக்க வேண்டும். இறக்கியதும் எதையும் துடைக்க விடாதே. முதலில் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

சின்ன மாமா: முதல் நாளே சொன்னேன், கிளட்ச் என்று

பெரிய மாமா: நீ சொன்னது பிளேட்.

சுதா: முள்ளுக்குறிச்சி வழியாகப் போனால் வண்டிக்குச் சுலபமா மாமா?

பெரிய மாமா: ஏற்றம் எந்த வழியிலும் ஏற்றம்தான் கண்ணு. காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எதிரே பஸ் வந்தால் பாதி கிளட்ச்சில் நிற்பார்கள். அங்கேதான் பிளேட் தீய்கிறது.

*வியாழன் மதியம்*

கார்த்தி: (படம்)
கார்த்தி: (படம்)
கார்த்தி: பிளேட்டில் ஒரு பக்கம் கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது. மறுபக்கம் காய்ந்து சாதாரணமாக. ஃப்ளைவீலில் நீலமாகச் சின்னச் சின்ன வட்டம்.

பிரபு: அடேயப்பா

பெரிய மாமா: நினைத்தது சரி. அந்தப் பளபளப்பு எண்ணெய் சுட்டு இறுகியது. எண்ணெய்க் கையால் கிணற்றுக் கயிறு இழுத்தாற்போல, பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். அதுதான் உதறல். நீல வட்டம், அங்கங்கே சூடேறி இரும்பு இறுகிய இடம். அங்கே பிடிமானம் சமமாக இருக்காது. இப்போது முக்கியம் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது. கிளட்ச் கூட்டுக்குள் அடியில் தேங்கியதை விரலில் தொட்டு முகர்ந்து பார்.

கார்த்தி: கறுப்பு. கருகிய வாடை. காரமாக இல்லை.

பெரிய மாமா: கியர் ஆயில் என்றால் கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். இது இன்ஜின் ஆயில். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் கிளட்ச் செட் போட்டால் பணம் தண்டம்.

கார்த்தி: மெக்கானிக் பெட்ரோலில் துடைத்து, பிளேட் மட்டும் போட்டுத் தருகிறேன் என்கிறார். சீல் எல்லாம் தேவையில்லையாம்.

பெரிய மாமா: போனை அவரிடம் கொடு

சின்ன மாமா: 😂😂

சுதா: பெரிய மாமா பேசினால் மெக்கானிக் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்

*வியாழன் மாலை*

பெரிய மாமா: பேசிவிட்டேன். நல்ல மனிதர்தான். நாமக்கல் லாரிப் பட்டறைக்காரன் என்றதும் கேட்டுக்கொண்டார். கார்த்தி, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டியது: சீல் புதுசு. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்துப் புதுசு, கியர் பாக்ஸ் இறக்கும் கூலிதான் பெரிது, அதை இரண்டு தடவை கொடுக்காதே. ஃப்ளைவீல் ஒரே துண்டான ஒற்றையா, நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டையா என்று கேள்.

கார்த்தி: ஒற்றை என்கிறார்

பெரிய மாமா: அப்படியானால் லேத்தில் முகத்தைச் சீவி ஃபேசிங் பிடிக்கலாம். இரட்டை என்றால் லேத்தில் வைக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். நீல வட்டம் முழுக்கப் போகிறதா என்று பார். போகாவிட்டால் புது ஃப்ளைவீல். கூட்டுக்குள் இருக்கும் எண்ணெயைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். புதுப் பிரஷர் பிளேட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள், அதையும் துடைக்க வேண்டும். பிளேட்டின் உராயும் பரப்பை கிரீஸ் கையால் தொடக் கூடாது. பிளேட் கோக்கும் தண்டின் பல் வரியில், அதாவது ஸ்ப்ளைனில் கிரீஸ் தடவினால் பெயருக்குத் தடவி, மிச்சத்தை வழித்துவிட வேண்டும். அதிகம் வைத்தால் சுற்றும்போது தெறித்துப் பிளேட்டிலேயே விழும், மறுபடி இதே கதை. போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், ஒரே பக்கம் இறுக்கினால் பிரஷர் பிளேட் கோணிவிடும்.

பிரபு: மாமா இதைப் பின் பண்ணுங்க

பெரியம்மா: தம்பி, எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி வருமா வராதா?

அம்மா: அண்ணா அதைத்தான் நானும் கேட்கிறேன்

பெரியம்மா: பட்டுப்பாவாடை பச்சையா மஞ்சளா என்று யாரும் சொல்லவில்லை

சுதா: மஞ்சள் பெரியம்மா

*வெள்ளி இரவு*

கார்த்தி: வண்டி கைக்கு வந்துவிட்டது. சீல், செட், ஃபேசிங் எல்லாம் சேர்த்து 19,000. உதறல் துளியும் இல்லை. பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது.

அம்மா: முருகா

சுதா: சூப்பர்டா. அப்போ வேன் ரத்து

பெரிய மாமா: ரத்து செய்யாதே. புதுப் பிளேட் ஃப்ளைவீலோடு படிந்து வர 500 கிலோமீட்டராவது ஊருக்குள் நின்று நிதானமாக ஓட வேண்டும். படிவதற்கு முன்னால் ஐந்து பேர், தட்டு, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றி 70 வளைவு ஏற்றினால் பளபளவென்று சுட்டுவிடும். பிறகு பழைய உதறல்.

சின்ன மாமா: அப்போது 19,000 எதற்கு அண்ணா?

பெரிய மாமா: அடுத்த லட்சம் கிலோமீட்டருக்கு.

கார்த்தி: தாய்மாமன் சீரோடு நான் வேனில் வந்து இறங்கவா மாமா

பெரிய மாமா: நீயும் அம்மாவும் மட்டும் காரில் வாருங்கள். சீர்த்தட்டு வேனில். வளைவில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கில் நில், கிளட்ச்சில் தாங்காதே. ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழி விட வேண்டும், அதனால் பதறாதே. வாடை வந்தால் ஓரம் கட்டி ஆற விடு. இறங்கும்போது இரண்டாவது கியர், கிளட்ச்சில் கால் வைக்காமல்.

பெரியம்மா: சீர்த்தட்டு வேனில் வந்தால் வேனில் வருகிறவர்தான் தூக்கி வருவார். பிரபு வேனில் வருகிறான்.

கார்த்தி: பெரியம்மா 🙄

பிரபு: நான் பெங்களூரிலிருந்து நேராக மலைமேல் செம்மேடு வந்துவிடுகிறேன்

அம்மா: நான் வேனில் வருகிறேன். காரில் தட்டு 5 மட்டும் வைத்துக்கொள்ளட்டும். என்ன அண்ணா?

சின்ன மாமா: வேன்காரர் இப்போதே முன்பணம் கேட்கிறார். 2,000 அனுப்பவா வேண்டாமா? யாராவது ஒருவர் சொல்லுங்க

பெரிய மாமா: தட்டு 5 என்றால் சரி. தேங்காய் மட்டும் காரில் வேண்டாம், கனம்.

சுதா: சின்ன மாமா, அனுப்பிடுங்க. பெரிய வேன்தானே?

சின்ன மாமா: 12 சீட்டு. நாம் 14 பேர்.